கடைமடைத் தண்ணீருக்கு ஆதாரம் தேடிய கதை

நூலகப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் மாணவர்கள் கேட்கப்போவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், இதுக்கு ரெஃபரன்ஸ் இருக்கா?" எதற்கு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், கைப்பேசியை நீட்டுவார்கள். அதில் ஒரு பட்டியல் இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்த நூல் மட்டும் உலகத்தில் இருக்காது. கணினி அதுவாகவே கட்டிக்கொடுத்த பட்டியல் அது. அந்தப் புளுகைப் பிடிப்பது சுலபம். தேடிப் பார்த்தால் கிடைக்காது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. தேடுகிற இடத்தில் எல்லாம் கிடைத்துக்கொண்டே இருந்த ஒன்றைப் பற்றி. அதுதான் என்னைப் போட்டுக் குழப்பியது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் குழப்பம் தீரவில்லை. அதனால் கடைசியில் தெளிவாக ஓர் அறிவுரை சொல்லி முடிப்பேன் என்று காத்திருக்காதீர்கள். என்னிடம் இருந்தால் தரமாட்டேனா?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் இசக்கி என்று ஒரு பெண் படித்தாள். இலஞ்சியிலிருந்து உள்ளே போனால் ஒரே வாய்க்காலில் பாசனம் நடக்கிற இரண்டு ஊர்கள் உண்டு. நிஜப் பெயர் வேண்டாம், மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்வோம். இசக்கி கீழூர். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற ஊர். கடைமடை.

ஆனி மாதம் குற்றால மலையில் மழை விழுந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததும் கார் பருவ நெல் நடவு தொடங்கும். அந்த முதல் தண்ணீர் யாருக்கு என்பதில்தான் இரண்டு ஊருக்கும் சண்டை. தண்ணீர் முதலில் எங்களைத் தாண்டித்தானே வருகிறது, அதனால் எங்களுக்கு என்பது மேலூரின் வாதம். அந்தக் காலத்திலிருந்தே கடைமடைக்கு விட்ட பிறகுதான் தலைமடைக்கு என்பது கீழூரின் வாதம். ஒரு வருடம் மண்வெட்டியால் அடித்துக்கொண்டு போலீஸ் வந்துவிட்டது. அடுத்த கார் பருவத்துக்கு முன்னால் கூட்டம் போடுகிறேன், யாரிடமாவது ஆதாரம் இருந்தால் எடுத்து வாருங்கள் என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இசக்கியின் அப்பா கீழூர் விவசாயிகள் சங்கத்தில் முக்கியமான ஆள். மகள் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று நின்றபோது, "சரி, படி. ஊருக்குப் பிரயோசனமா ஒண்ணு செஞ்சு குடு" என்றாராம். அவள் ஆய்வேட்டுக்கு அந்த வாய்க்காலையே எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் அவரே நூலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"மேடம், இவ எழுதி முடிச்சதும் பைண்டு போட்டு இங்கன வைப்பீயளாம்லா? காலேஜ் சீலு வச்சு, நம்பர் போட்டு?"

"ஆமா அண்ணாச்சி. எல்லா ஆய்வேட்டுக்கும் அப்படித்தான்."

"அது போதும். எங்க வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கான். சீலு இருந்தா நம்புவாம்லா."

எனக்கு அப்போதே லேசாக ஒரு நெருடல். நாம் வைக்கிற முத்திரைக்குப் புத்தகம் நம்முடையது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. உள்ளே இருப்பது உண்மை என்று நாம் எந்தக் காலத்தில் சொன்னோம்? ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு அது அப்படித் தெரியாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இசக்கியின் வழிகாட்டிப் பேராசிரியர் கறார். ஒரு செய்தியை எழுதினால் அதற்குத் தனித்தனியாக மூன்று ஆதாரமாவது வேண்டும் என்பார். அவள் சளைக்கவில்லை. கீழூரில் ஐந்து பெரியவர்களைப் பேசவைத்து, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்தாள். கோயில் கும்பாபிஷேக மலரில் வந்த ஊர் வரலாற்றையும் எடுத்து வந்தாள். இணையத்தில் ஒரு பக்கமும் கிடைத்தது. மூன்று கேட்டவருக்கு ஏழு.

"போதும்லா மேடம்?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் வழக்கம்போல ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

முதல் பெரியவர் வாழைக்குலை விலை, பேரன் வேலை எல்லாம் அருமையாகப் பேசிக்கொண்டு வந்தார். வாய்க்கால் என்றதும் தொண்டையைச் செருமினார். "கடைமடை வயல்களின் தாகம் தணிந்த பின்னரே தலைமடை வயல்கள் நீரருந்தும் மரபு வழிவழியாக இருந்து வந்தது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாமவரும் அதே இடத்தில் செருமினார். அதே வாக்கியம். ஐந்து பேரும் வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். மலரைப் புரட்டினேன், அதில் இருந்தது. இணையப் பக்கத்தைப் பார்த்தேன், மலரில் இருந்த அச்சுப்பிழையோடு சேர்த்து அங்கேயும் இருந்தது.

"இசக்கி, உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"வீட்ல இப்படிப் பேசினா சோறு கிடைக்காது மேடம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "அது கொடைக்கு மைக்ல வாசிப்பாங்க மேடம். வில்லுப்பாட்டு ஆரம்பிக்கதுக்கு முன்னால, வருஷா வருஷம். மலர்ல உள்ள ஊர் வரலாறு."

நீங்களே யோசித்துப் பாருங்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரே கூடியிருக்கிறது. குழாய் ஒலிபெருக்கியில் ஒரே வாக்கியம் ஆண்டுதோறும் காதில் விழுகிறது. அந்தப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. படித்த பெண் வந்து கேட்கிறாளே என்று, தங்களுக்குத் தெரிந்ததிலேயே நல்ல தமிழாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து சாட்சி என்று அவள் எண்ணியது ஒரு மைக்கைத்தான். இணையப் பக்கம் மலரைப் பார்த்து அடித்தது. ஆகக் கடைசியில் கையில் மிஞ்சியது மலர் ஒன்றுதான்.

"மலர்ல எழுதினவர் சும்மா எழுதியிருக்க மாட்டாரு மேடம்" என்றாள் இசக்கி. எழுதியவர் கீழூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குற்றாலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவளோடு நானும் பஸ் ஏறினேன்.

பங்குனி மாதக் குற்றாலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாறை வெறுமனே நிற்கிறது. எண்ணெய்க் கடைகள் பாதி சாத்திக் கிடக்கின்றன. கொடுக்க ஆள் இல்லாமல் குரங்குகள் எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

தலைமையாசிரியர் எங்களைப் பார்த்து மகிழ்ந்துபோனார். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சும்மா எழுதுவேனாம்மா? ஆதாரத்த வச்சுக்கிட்டுல்லா எழுதினேன்."

இசக்கி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "என்ன ஆதாரம் சார்?" என்றேன்.

"உங்க காலேஜ்லயேதாம்மா இருக்கு. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் முன்னால அந்த வாய்க்காலப் பத்தி ஆய்வேடு போட்டான். உங்க லைப்ரரில வந்து நானே பாத்தேன். சீல் எல்லாம் போட்டு வச்சிருந்தீய."

திரும்பும் வழியெல்லாம் இசக்கி பேசிக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் நூலக வாசலில் நின்றாள். பழைய ஆய்வேடுகள் இருக்கிற அலமாரியில் அந்த ஏடு இருந்தது. அந்தச் செய்தியும் இருந்தது. கீழே அடிக்குறிப்பில், இன்னாரிடம் நேரில் கேட்டறிந்தது என்று ஒரு பெயர். நாங்கள் சனிக்கிழமை காபி குடித்துவிட்டு வந்தோமே, அதே தலைமையாசிரியரின் பெயர்.

இசக்கி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பையனைக் கேட்டால் வாத்தியார் சொன்னார் என்கிறான். வாத்தியாரைக் கேட்டால் பையன் எழுதியிருக்கிறான் என்கிறார். நடுவில் நம் முத்திரை உட்கார்ந்துகொண்டு இரண்டு பேருக்கும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது.

தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். "அவன் வந்து கேட்டாம்மா. அப்படித்தான் ஊர்ல சொல்லிக்கிடுதாங்கன்னு நான் சொல்லியிருப்பேன். பெறவு அவன் எழுதினதப் பாத்ததும், பரவால்லையே, ஆதாரம் இருக்கேன்னு நெனச்சேன். அவன் யார்ட்ட கேட்டான்னு கீழ பாக்கலையே" என்றார். குரல் ஒடுங்கிவிட்டது.

அந்தப் பையன் இப்போது ராணுவத்தில் வடக்கே எங்கோ இருக்கிறான். இசக்கி எண்ணை வாங்கி அவனிடமும் பேசினாள். "நானா ஒண்ணும் கட்டல ஏட்டி. சின்னப் புள்ளையில ஊர்ல அப்படிப் பேசிக்கிட்டாங்க. யார் பேசினான்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்?" என்றானாம். அப்படியானால் உண்மையிலேயே ஒரு பேச்சு இருந்திருக்கிறது. எத்தனை பழைய பேச்சு? நூறு வருடமா, முப்பது வருடமா? அது யாருக்கும் தெரியாது.

பழைய அரசாங்கக் காகிதத்தில் ஏதாவது இருக்குமா என்றும் தேடினோம். திருநெல்வேலியில் கேட்டால், மாவட்டம் பிரிந்தபோது தென்காசிக்குப் போயிருக்கும் என்றார்கள். தென்காசியில் கேட்டால், இங்கே வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். செங்கோட்டைப் பக்கம் முன்பு திருவிதாங்கூரில் இருந்ததே, அங்கே போய்க் கேளுங்கள் என்று வேறு ஒருவர் கிளப்பிவிட்டார். நாங்கள் தேடிய வாய்க்கால் அந்த எல்லைக்குள் வருமா என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இதற்குள் ஏடு கொடுக்க வேண்டிய வாரம் வந்துவிட்டது. பேராசிரியர் பொறுமை இழந்துவிட்டார். "இருந்ததுன்னு எழுது, இல்லாட்டி இல்லன்னு எழுது. ஏதாவது ஒரு முடிவு வேணும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் அப்பா தினமும், "அந்த எடத்த எழுதிட்டியா தாயி?" என்று கேட்கிறார். இசக்கி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"இல்லன்னு எழுதினா அப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் மேடம்? இருக்குன்னு எழுதினா மேலூர்ல தண்ணி இல்லாம நாத்து காயும். அங்க எங்கூடப் படிச்ச புள்ளைய வீடு இருக்கு. நீங்கன்னா என்ன எழுதுவீய?"

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிடாதீர்கள். அவள் போய்ப் படுக்க வேண்டிய வீடு அது, நம் வீடு அல்ல. நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று பெயர் எழுதி அம்புக்குறி போட்டேன். பெரியவர்களிடமிருந்து மைக்குக்கு, மைக்கிலிருந்து மலருக்கு, மலரிலிருந்து வாத்தியாருக்கு, வாத்தியாரிடமிருந்து பையனுக்கு, பையனிடமிருந்து மறுபடி வாத்தியாருக்கு. "நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் இசக்கி. இதுக்கு மேல எனக்கும் தெரியல" என்று அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் அதை அப்படியே எழுதினாள். இந்த மரபைப் பற்றிக் கிடைத்த சான்றுகள் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை, அதன் தொடக்கம் எதுவென்று என்னால் கண்டடைய முடியவில்லை என்று முடித்திருந்தாள். பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி பெற்றுவிட்டாள். அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நேர்மை வென்றது என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். வைகாசி கடைசியில் ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நூலகத்துக்கு வந்தார். மேலூர்க்காரர். இசக்கியின் ஆய்வேட்டைப் பார்க்க வேண்டும், அதில் ஒரு பக்கத்துக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு ஊருக்குத் திறந்த அலமாரியை இன்னொரு ஊருக்கு எப்படிப் பூட்டுவது? எடுத்துக் கொடுத்தேன்.

கூட்டத்தில் அவர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டி, "கடைமடைக்கு முதல் தண்ணிங்கதுக்கு ஆதாரமே இல்லன்னு கீழூர்ப் புள்ளையே எழுதியிருக்கு. காலேஜ் சீலு இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றாராம். நடந்ததை இசக்கிதான் பிறகு என்னிடம் சொன்னாள். கூட்டத்தின் கடைசி வரிசையில் அவள் இருந்திருக்கிறாள். எழுந்து நின்று அவளே பதில் சொல்லியிருக்கிறாள்.

"எனக்குக் கெடைக்கலன்னுதான் சார் எழுதியிருக்கேன். நடக்கவே இல்லன்னு எழுதல. மேலூருக்குத்தான் முதல் தண்ணின்னும் நான் எங்கயும் பாக்கல. அதுக்கும் ஆதாரம் இல்ல."

அவள் அப்பா திரும்பியே பார்க்கவில்லையாம். அதிகாரி, இரண்டு பக்கமும் ஆதாரம் இல்லை, இந்தப் பருவத்துக்கு முறை வைத்து மாறி மாறித் தண்ணீர் விடுங்கள், தண்ணீர் முதலில் வந்து சேர்கிற மேலூரிலிருந்து முறை தொடங்கட்டும் என்று தீர்த்துவிட்டார். அடிதடி இல்லை. ஆனால் கீழூரில் அந்த ஆண்டு நடவு பிந்தியது. யார் பக்கமும் சாயாமல் எழுதிய ஒரு பக்கம் கடைசியில் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்தது. எனக்கு மனசே சரியில்லை. இப்படி எழுது என்று நான் அவளிடம் சொல்லவில்லைதான். ஆனாலும் அந்தத் தாளை நகர்த்தியது நான்தானே.

ஆடி மாதம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இசக்கியின் அப்பா குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். "எம்மவ எழுதினத ஒரு வாட்டி பாக்கலாமா மேடம்?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, விரல் வைத்து, மெதுவாக வாசித்தார். அந்த இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அப்புறம் மூடிவைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"தண்ணி போனா போவுது மேடம். அடுத்த வருஷம் எங்களுக்கு மொத முறை குடுக்கேன்னு சொல்லியிருக்காங்க. நான் அதுக்கு வரல." "இந்த வாய்க்கா விஷயம் எங்கப்பா எனக்குச் சொன்னது. மடையில நின்னுக்கிட்டு, என்னப் பக்கத்துல நிப்பாட்டிக்கிட்டு சொன்னாரு. அப்படித்தான் இத்தன நாளா நெனச்சிருந்தேன். அவரு குரலே காதுல கேக்கும். இவ எழுதினத இவ அம்மா வாசிச்சுக் காட்டுனாளா, அன்னைலருந்து ஒக்காந்து யோசிக்கேன். அப்பா என்ன வார்த்தை சொன்னாருன்னு நெனச்சுப் பாத்தா, அந்த மைக்ல வாற வார்த்தைதான் வருது. எங்கப்பா அப்படிப் பேசுத ஆளு இல்ல மேடம். அப்ப அவரு சொல்லவே இல்லையா? நானா சேத்துக்கிட்டேனா?"

ஆதாரம் தேடச் சொல்லிக்கொடுக்கிறோம், சரிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தச் சரிபார்ப்பு ஒரு மனிதர் தன் அப்பாவின் குரலைச் சந்தேகப்படுகிற இடம் வரைக்கும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். உட்காருங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். இவ்வளவு தேடினீயள்லா. எங்கப்பா எங்கிட்ட அதச் சொல்லவே இல்லங்கதுக்கு எங்கயாவது ஆதாரம் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அதுக்கும் இல்ல."

தலையை ஆட்டினார்.

"அப்ப சரி. இவளும் கெடைக்கலன்னுதான எழுதியிருக்கா, நடக்கலன்னு எழுதலல்லா. மவகிட்ட இன்னைக்குப் பேசிருதேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.